மலைக்கு நான் கொண்டுபோன இருமல்

எனக்கு இப்போது இருமல் இல்லை. இதைப் படிக்கிறவர்கள் தாளைத் தள்ளிப் பிடிக்க வேண்டியதில்லை. ஆறு மாத மாத்திரையையும் ஒருநாள் விடாமல் விழுங்கி முடித்து, சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் வாயால் கேட்டாகிவிட்டது. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், காசநோய் என்ற சொல்லைக் கேட்டதும் நாற்காலியை ஓரடி பின்னால் இழுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டதுதான். உடம்பில் இன்னும் அலுப்பு இருக்கிறது. மாடிப்படி ஏறினால் நடுவில் ஒருமுறை நிற்க வேண்டியிருக்கிறது. அதனால் இதை ஒரே மூச்சில் எழுதவில்லை, தினமும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினேன்.

நான் வெண்ணந்தூர்க்காரன். பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் விசைத்தறி. காலையில் தறி ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, மூக்கில் பஞ்சுத் தூசி ஏறும். இங்கே இருமாதவர் யாருமில்லை. எனக்கு இருமல் வந்தபோது என் மனைவி செல்வி மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள், நான் குடித்துவிட்டு இருமிக்கொண்டே இருந்தேன். இரண்டு மாதத்துக்குமேல் இப்படிப் போனது. சர்க்கரை வேறு எனக்கு வெகுநாளாக உண்டு. உடம்பு இளைத்ததற்கு அதுதான் காரணம் என்று நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். வாத்தியார்களுக்கு இது ஒரு தனி வியாதி, எந்தக் கேள்விக்கும் நாமே விடை சொல்லிவிடுவோம்.

அந்த நாட்களில் நான் சும்மாவும் இருக்கவில்லை. சனிக்கிழமைதோறும் சேலம் போய், அங்கே பஸ் மாறிச் சேர்வராயன் மலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மலைமேல் முன்பு ஓர் ஆரோக்கிய விடுதி இருந்தது. நெஞ்சு நோய்க்காரர்களுக்குக் குளிர்ந்த காற்று, பால், முட்டை, நீண்ட படுக்கை இவைதான் வைத்தியம் என்றிருந்த காலத்தில் உண்டானது. கீழேயிருந்து நெசவாளிகள் பலர் அங்கே போய்ப் படுத்தார்கள். என் அப்பாவும் போனார். எனக்கு அப்போது நாலு வயது. ஒரு வருடத்துக்குமேல் இருந்துவிட்டு, ஒரு சுற்றுப் பெருத்துத் திரும்பி வந்து, சாகும்வரை தறியில் உட்கார்ந்தார். அவரைப் பிழைக்க வைத்த இடத்தைப் பற்றி யாரும் ஒரு பக்கம்கூட எழுதி வைக்கவில்லை என்பது எனக்கு உறுத்தலாக இருந்தது. அதைப் புத்தகமாக எழுதத்தான் போனேன்.

போன பிறகு, விடுதியைவிட அதைச் சுற்றி வளர்ந்த ஜனங்கள்மேல்தான் எனக்கு ஆர்வம் வந்தது. சமையல்காரர், வார்டு ஆயா, துணி அவிப்பவர், பால்காரர், தோட்டக்காரர். சேலம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள்தான் அதிகம். இவர்களுக்காகச் சரிவில் ஒன்றை ஒன்று ஒட்டிக் கட்டிக் கொடுத்த வீடுகளுக்கு வரிசை வீடுகள் என்று பெயர். அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, அங்கேயே வேலைக்குப் போனவர்கள். அவர்களுக்குள் சில கட்டுப்பாடுகள் இருந்தன. நோயாளி என்று சொல்லக் கூடாது, விருந்தாளி என்றுதான் சொல்ல வேண்டும். மழையானாலும் பனியானாலும் ஜன்னலைச் சாத்தக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவருக்கு வந்திருப்பது என்ன நோய் என்பதை டாக்டரைத் தவிர யாரும் அவரிடம் சொல்லக் கூடாது. சளி துப்பிய குவளையைக் கழுவும் ஆயாவுக்கு எல்லாம் முன்பே தெரிந்துவிடும். ஆனாலும் வாயைத் திறக்க மாட்டாள், பால் வேணுமா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவாள்.

பிறகு மாத்திரைகள் வந்தன. வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று ஆனதும் மலையேறுகிறவர்கள் குறைந்தார்கள், ஒவ்வொரு வார்டாகப் பூட்டினார்கள். இடம் இரண்டு மூன்று கை மாறி இப்போது உல்லாச விடுதியாக இருக்கிறது. வருகிறவர்கள் இரண்டு நாள் தங்கி, கேக் வெட்டி, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். வரிசை வீடுகளில் ஏழு குடும்பம் மிச்சம். விடுதியில் கூட்டுவது, படுக்கை விரிப்பு மடிப்பது என்று ஏதோ வேலை செய்கிறார்கள். வீட்டுக்குப் பட்டா கிடையாது. அந்த இடத்தில் கார் நிறுத்தலாமே என்று மேனேஜர் பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த ஏழு வீட்டில் ஒன்றில் தனியாக இருந்தவர் லூர்து அக்கா. பழைய வார்டு ஆயா. வயது எழுபதை ஒட்டி இருக்கும், எனக்கு எட்டொன்பது வருடம் மூத்தவர். பதினோரு சனிக்கிழமை அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல என் செல்போனில் பதிவு செய்தேன். முதல் நாளே அவர் சொன்ன ஒரு வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது.

"எத்தன ஆயிரம் பேரு வந்து போனாங்க சார். வரிசை வீட்டுல ஒருத்தருக்கும் அது வந்ததில்ல."

அதையே புத்தகத்தின் முதல் அத்தியாயத்துக்குத் தலைப்பாக வைத்தேன். நோயோடு ஒட்டி வாழ்ந்தும் நோய் தீண்டாத ஜனங்கள். எழுதும்போதே எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் இருமலைக் கவனிக்க நேரமில்லை.

பன்னிரண்டாம் சனிக்கிழமை காலை பல் தேய்க்கும்போது இருமினேன். தொட்டியில் ரத்தம் விழுந்தது. ஈறில் வந்த ரத்தம் என்று செல்வியிடம் சொன்னேன். அவள் தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். ராசிபுரத்தில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், வலது நெஞ்சில் தண்ணீர் கோத்திருக்கிறது, இன்றைக்கே சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்.

நுரையீரலைச் சுற்றி மெல்லிய இரண்டு உறைகள் உண்டாம். நடுவில் துளி ஈரம்தான் இருக்க வேண்டும். எனக்கு அங்கே ஒரு லிட்டருக்குமேல் நீர் தேங்கி நுரையீரலை நசுக்கிக்கொண்டிருந்தது. விலாவில் மரத்துப்போகும் ஊசி போட்டு, எலும்புகளின் இடுக்கில் குழாய் செருகி, அதைத் தரையிலிருந்த பாட்டிலில் விட்டார்கள். பழைய நல்லெண்ணெய் நிறத்தில் நீர் இறங்கியது. சளியை ஒரு இயந்திரத்தில் வைத்தால் கிருமி இருக்கிறதா, முக்கியமான மருந்துக்கு அது கட்டுப்படுமா என்று இரண்டையும் சொல்லிவிடுகிறது. இருக்கிறது, கட்டுப்படும் என்று வந்தது. இளம் டாக்டர் ஒருவர் கட்டிலருகே நின்று, "காசநோய்தான் சார். முழுசா குணமாகும். ஆனா ஆறு மாசம் மாத்திரைய விடக் கூடாது" என்றார்.

பயந்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அப்பாவுக்கு வந்தது, பிழைத்தார், எனக்கும் அப்படித்தான் என்று அறிவுக்குத் தெரிகிறது. ஆனால் மாத்திரை போட்ட முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து, இப்படித்தான் ஆகும் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தும், கழிவறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாப்பாடு பிடிக்கவில்லை. குழாய் இருந்த பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. எங்கே போனாலும் பாட்டிலைக் கையில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பக்கத்துக் கட்டிலில் திருச்செங்கோட்டுக்காரர், ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர்வண்டியில் பல மாநிலம் சுற்றியவர். "வாத்தியாரே, தூக்குப்போசியோட எங்க கெளம்பிட்டீங்க?" என்று பாட்டிலைக் காட்டிக் கேட்காத நாளில்லை.

செல்வி தினமும் வெண்ணந்தூரிலிருந்து வந்தாள். சேலத்திலேயே தங்கிக்கொள் என்றால் கேட்க மாட்டாள். ஆஸ்பத்திரி முட்டை எனக்கு இறங்காது என்று தெரிந்து, வெங்காயமும் மிளகும் போட்டுப் பொரித்த முட்டையைச் சோற்றுக்கு நடுவில் ஒளித்துக் கட்டிக்கொண்டு வருவாள். அவளுக்கும் படம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. முன்னெச்சரிக்கையாக அவளுக்கும் சில மாத்திரை கொடுத்தார்கள். என்னால் அவளும் மாத்திரை விழுங்குகிறாளே என்று நான் வருத்தப்பட்டபோது, "கண்ணாலங்கட்டி இத்தன வருசத்துல நீங்க வாங்கிக் குடுத்ததுல இதையாச்சும் ஒழுங்கா தின்னுட்டுப் போறேன்" என்றாள்.

நான்காம் நாள் சுகாதாரப் பணியாளர் தமிழரசி வந்தார். நோய் கண்டவரோடு நெருங்கிப் பழகியவர்களைப் பட்டியலெடுத்துச் சோதிப்பது அவர் வேலை.

"சார், வீட்ல எத்தன பேரு?"

"நானும் என் சம்சாரமுந்தாங்க."

"வேற யாரோடயாச்சும் அடைச்ச ரூம்ல மணிக்கணக்கா உக்காந்து பேசியிருக்கீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. லூர்து அக்காவின் முன்னறை கண் முன்னால் நின்றது. "இல்லீங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குப் பல காரணம் வைத்திருந்தேன். அவர் பெயரைச் சொன்னால் ஆட்கள் மலைக்குப் போவார்கள். விடுதி மேனேஜருக்குத் தெரியும். டிபி இருக்கிற இடத்துக்கு எவன் கேக் வெட்ட வருவான் என்று வரிசை வீடுகளைக் காலி செய்ய நல்ல சாக்கு கிடைத்துவிடும். ஏழு குடும்பம் தெருவுக்கு வரும். இந்தக் காரணம் பொய்யில்லை. ஆனால் இதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. ஒருத்தருக்கும் வந்ததில்லை என்று தலைப்புப் போட்டவனே அங்கே அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தான் என்பதை என்னால் அந்தப் பெண்ணிடம் சொல்ல முடியவில்லை.

படுக்கையில் பொழுது போகாமல், பதிவுகளை எழுத்தாக்கலாம் என்று செல்போன் வயரைக் காதில் மாட்டினேன். முதல் இரண்டு வாரம் நன்றாக இருந்தது. மூன்றாம் வாரத்தில் என் இருமல் ஆரம்பித்தது. அதே பதிவில் என் குரல் கேட்டது. "அக்கா, அந்த ஜன்னலக் கொஞ்சம் சாத்திக்கலாமுங்களா? காத்துச் சத்தத்துல நீங்க பேசறது வெளங்க மாட்டீங்குது." நாற்காலி நகர்ந்தது. கொக்கி இறங்கியது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வாரமும் நான் போய் உட்காருவதற்கு முன்பே கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தன. மரியாதைக்குரியவன் கேட்டுவிட்டான் என்று அவரே சாத்தி வைத்திருந்தார். அந்தச் சின்ன அறைக்குள் இரண்டு மூன்று மணி நேரம் நான் இருமுவதும், தண்ணி குடிங்க சார் என்று அவர் சொல்வதும் தெளிவாகப் பதிவாகியிருந்தன. பதினோராம் வாரப் பதிவின் கடைசியில் ஓர் இருமல் கேட்டது. திருப்பிப் போட்டுக் கேட்டேன். அது என்னுடையது இல்லை.

மறுநாள் செல்வி சோற்றைப் பிரித்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

"ஏனுங்க, உங்களுக்கு ஈவு எரக்கமே இல்லீங்களா? ஒண்டியா கெடக்கற பொம்பள. இங்க ஒரு பேரச் சொல்லச் சொன்னதுக்கு இல்லைன்னு சொல்லிப்போட்டு முட்ட திங்கறீங்களே."

"ஊட்டக் காலி பண்ணிருவாங்க செல்வி. ஏழு குடும்பம்."

"ஆளே இல்லீன்னா ஊடு எதுக்குங்க? மொதல்ல அந்தக்காவுக்குப் போன் போடுங்க. போட்டுட்டுத்தான் சோத்துல கை வெக்கோணும்."

போட்டேன். இரண்டாவது மணியில் எடுத்தார்.

"சொல்லுங்க சார். ஆளக் காணோமே. படுத்துட்டீங்களா?"

"படுத்துட்டேனுங்க அக்கா. சேலம் ஆஸ்பத்திரில இருக்கேன். எனக்கு..."

"தெரியும் சார்."

"என்னங்க தெரியும்?"

"நாப்பது வருசம் கேட்ட சத்தம். மூணாவது வாரம் நீங்க படி ஏறி வந்து இருமுனீங்களே, அன்னிக்கே தெரியும்."

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. இத்தனை நாள் குற்றவாளியாக உட்கார்ந்திருந்தவனுக்குக் கோபப்பட ஓர் ஆள் கிடைத்த நிம்மதிகூட அதில் இருந்திருக்கும். "தெரிஞ்சும் ஏனுங்க சொல்லல? ரெண்டு மாசம் முந்தியே பாத்திருப்பனே!"

"நாங்க சொல்லக் கூடாது சார். டாக்டருதான் சொல்லணும். அப்படியே பழகிட்டோம்." பிறகு, "அது மட்டுமில்ல. சொன்னா நீங்க அடுத்த வாரம் வர மாட்டீங்க. எங்கிட்ட வந்து உக்காந்து, அங்க என்ன நடந்துச்சுன்னு இதுவரைக்கும் யாரு கேட்டா?" என்றார்.

என் கோபம் அதற்குமேல் நிற்கவில்லை. அவர் என்னிடம் மறைத்தது நான் மறுபடி வர வேண்டும் என்பதற்காக. நான் அவரை மறைத்தது என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள. இதில் எதைப் பெரிதாகப் பேசுவது? உங்களுக்கு இருமல் இருக்குதுங்களா என்று மட்டும் கேட்டேன்.

"இருக்கு."

"ஆளுங்க மேல வந்து பாப்பாங்கக்கா."

"மேல ஒருத்தரும் வரக் கூடாது. மாஸ்க் போட்டுட்டுப் பையும் கையுமா ரெண்டு பேரு வரிசை வீட்டுப் படியில எறங்கட்டும், அன்னிக்குச் சாயங்காலமே மேனேஜர் சாமானத் தூக்கி வெளிய வைப்பாரு. நானே கீழ வர்றேன். மத்த வீட்டுக்காரங்களையும் கூட்டிட்டு வர்றேன். நீங்க படுங்க."

தமிழரசியிடம் உண்மையைச் சொன்னபோது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் திட்டுவார் என்று நினைத்தேன். "சார், நாள் போயிருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் செல்வி ஓடி வந்து, வெளியே வந்து பாருங்க என்றாள். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போனேன். நெஞ்சு நோய்ப் பிரிவின் வராந்தாவில் ஐந்து பெண்கள் பட்டுப் புடவையும் மல்லிகைப் பூவுமாக உட்கார்ந்திருந்தார்கள். கூடவே ஒருவர் ஜரிகை வேட்டியில். நடுவில் மாம்பழக் கலர் பட்டில் லூர்து அக்கா. அயோத்தியாப்பட்டணத்தில் கல்யாணம் என்று மேனேஜரிடம் ஒரு நாள் லீவு கேட்டு வந்திருக்கிறார்கள். சாதாரணப் புடவையில் இறங்கினால் சந்தேகம் வரும் என்று பெட்டியில் இருந்ததையெல்லாம் எடுத்துக் கட்டியிருந்தார்கள். என் பின்னாலேயே வந்த போர்வண்டிக்காரர் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, "வாத்தியாரே, இது பொண்ணு ஊடுங்களா, மாப்ள ஊடுங்களா?" என்றார். சிரித்ததில் குழாய் இழுத்துக்கொண்டு உயிர் போனது.

ஆளுக்கொரு மூடி போட்ட டப்பா கொடுத்து, வெளியே வேப்பமரத்துப் பக்கம் போய்ச் சளி எடுத்து வரச் சொன்னார்கள். பட்டு முந்தானையைச் செருகிக்கொண்டு எல்லோரும் மரத்தடியில் திரும்பி நின்றார்கள். லூர்து அக்காவின் குரல் மட்டும் கேட்டது. "எச்சியத் துப்பாதடி, அது எதுக்கும் ஒதவாது. மூச்ச இழுத்துப் புடி. நெஞ்சுலேருந்து வரணும்." பழைய ஆயா வேலைக்குத் திரும்பிவிட்டார். நர்ஸ் பார்த்துக்கொண்டே நின்றார், அவருக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

முடிவு வர மதியம் ஆனது. செல்வி எல்லோருக்கும் புளிசாதம் வாங்கி வந்தாள். ஐந்து பேருக்கு ஒன்றுமில்லை. தமிழரசி ஆறாவது தாளோடு லூர்து அக்காவிடம் வந்து குனிந்தார். அக்கா கையை உயர்த்தித் தடுத்தார். "இரு கண்ணு. டாக்டரு வந்து சொல்லட்டும்." டாக்டர் தன் அறையிலிருந்து எழுந்து வந்து எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து சொன்னார். கிருமி இருக்கிறது, மருந்துக்குக் கட்டுப்படும், ஆறு மாதம். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

நான் வராந்தா பெஞ்சிலேயே அழுதுவிட்டேன். அறுபது தாண்டிய ஆள் கையில் பாட்டிலோடு அழுவதைப் பார்க்க எப்படியிருக்கும் என்றெல்லாம் தோன்றவில்லை. "நாந்தானுங்கக்கா குடுத்துட்டேன்" என்றேன். டாக்டர், அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பல வருடம் முன்னால் உடம்புக்குள் போன கிருமி சத்தமில்லாமல் கிடந்து, வயதான பிறகு தலையெடுப்பதும் உண்டாம். நாற்பது வருடம் வார்டில் இருந்தவருக்கு அப்படியும் இருக்கலாம் என்றார். இருக்கலாம்தான். அதைப் பிடித்துக்கொண்டு தூங்க நானும் பல நாள் முயன்று பார்த்துவிட்டேன்.

மாத்திரை ஆரம்பித்து முதல் இரண்டு வாரம் மற்றவர்களிடமிருந்து விலகி இருக்க வேண்டும் என்றார்கள். வரிசை வீட்டுக்கும் விடுதி வேலைக்கும் உடனே திரும்ப முடியாது. லூர்து அக்கா பூவைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போவது என்று யோசித்தபடி இருந்தார். அப்போதுதான் முதல் தடவையாக அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன்.

செல்விதான் பேசினாள். "எங்கூட்டுக்கு வாங்கக்கா. மாடில ஒரு ரூம்பு சும்மாதான் கெடக்குது. இவரும் அடுத்த வாரம் வந்துருவாரு. ஒருத்தருக்குப் பண்ற முட்டைய ரெண்டு பேருக்குப் பண்ணப் போறேன், அவ்வளவுதானுங்க."

லூர்து அக்கா கல்யாண வீட்டில் கால் பிசகி ராசிபுரம் பக்கம் கட்டுக் கட்டிக்கொண்டு கிடக்கிறார் என்று மேனேஜரிடம் சொல்வதாக மற்றவர்கள் பேசி முடித்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் மலையேறினார்கள்.

குழாயை எடுத்துவிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாடியில் எதிரெதிர் அறைகளில் இரண்டு பேர். காலையில் வெறும் வயிற்றில் செல்வி எதிரில் நின்று எண்ணிக் கொடுப்பாள். எனக்கு நாலு, இளைத்த உடம்புக்காரரான அக்காவுக்கு மூன்று. குமட்டல், மூட்டு வலி, வாயில் கசப்பு. நாள் முழுக்க இரண்டு பேரும் ஆளுக்கொரு வாசலில் நாற்காலி போட்டு, கீழே தறி ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம். பேசக்கூடத் தெம்பில்லை.

இரண்டாம் வாரத்தில் ஒருநாள், எழுதி வைத்திருப்பதை வாசித்துக் காட்டச் சொன்னார். முதல் அத்தியாயத்தை எடுத்தேன். தலைப்பை வாசித்தவுடனேயே, "அத அடிச்சுருங்க சார்" என்றார்.

"அடிச்சுட்டேங்கக்கா. இனிமே அப்படிப் போட முடியாதுங்களே. உங்களுக்கு வந்துருச்சு."

"நான் என்னைச் சொல்லல. அப்பவே பொய்தான் அது." அவர் என்னைப் பார்க்காமல் பேசினார். "என் வீட்டுக்காரர் சரிவுல வழுக்கி விழுந்து போயிட்டாருன்னு உங்ககிட்டச் சொன்னேனில்ல? அவரு விழல."

அவர் கணவர் சவரிமுத்து விடுதியில் துணி அவிக்கிற கொதிகலன் வேலை பார்த்தவர். அவருக்கு இருமல் வந்தது. வேலைக்காரர்களுக்கு நோய் வந்தால் வைத்தியம் பார்ப்பார்கள், ஆனால் வேலை போய்விடும், வேலை போனால் வீடு அடுத்த ஆளுக்கு. அதனால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. கொதிகலன் சத்தத்தில் இருமிக்கொள்வாராம், வீட்டில் துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக்கொள்வாராம்.

"எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும். அவரு கேக்கல, நானும் சொல்லல. அப்ப மாத்திரையெல்லாம் வந்துருச்சு சார். ஸ்டோர் ரூம்ல அடுக்கி வெச்சிருந்தாங்க. எங்க வீட்டுலேருந்து கூப்புடு தூரம். தெனமும் நாந்தான் விருந்தாளிங்களுக்கு எடுத்துக் குடுத்தேன்." தெருப் பக்கம் பார்த்தபடி, "வரிசை முழுக்க வழுக்கி விழுந்துட்டாருன்னே சொன்னாங்க. எங்களுக்காகத்தான் சொன்னாங்க. அப்பறம் அந்த மாதிரி வேற வீட்டுலயும் விழுந்தாங்க, நாங்களும் சொன்னோம்" என்றார்.

நான் செல்போனை எடுக்கவில்லை. பேனாவையும் எடுக்கவில்லை. இதை எழுதினால் வீட்டுக்கு ஆபத்து வருமே என்று கேட்டேன்.

"வீடு வேணும் சார். போனாப் போவட்டும்னு நான் சொல்ல மாட்டேன். எம்பேர மாத்திப் போடுங்க. அவரு பேர மாத்தாதீங்க. இப்ப இருக்கற மேனேஜருக்கு அவரத் தெரியாது, தெரிஞ்சவங்க எல்லாம் எங்க ஆளுங்க. வழுக்கி விழுந்தாருன்னு கல்லறையில கூட எழுதியாச்சு. ஒரு எடத்துலயாவது சரியா இருக்கட்டும்."

அவர் மலைக்குத் திரும்பிப் போய்விட்டார். மாதம் ஒருமுறை காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று எதையாவது சொல்லிவிட்டுக் கீழே வந்து சளி கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு முடிந்து சில நாளில் அவருக்கும் மாத்திரை முடிந்தது. கிருமி இல்லை. வரிசை வீடுகள் இன்றுவரை நிற்கின்றன. புத்தகம் இன்னும் முடியவில்லை, முதல் அத்தியாயத்தைத் திரும்ப எழுதத் தெம்பு வர வேண்டும். அதுவரை இதை வைத்துக்கொள்ளுங்கள். லூர்து என்பது அந்த அக்காவின் பெயர் இல்லை. அவருடைய வயதையும் புடவையின் நிறத்தையும்கூட மாற்றியிருக்கிறேன். சவரிமுத்து என்பது அவர் கணவரின் பெயர்தான். அவர் காசநோயால் இறந்தார்.